மூடாத கோப்புகள்

"ஆறு ஆண்டுகளில் அறுநூற்று நாற்பது பிரசவங்கள். நானூற்று முப்பத்தொரு ஆண் குழந்தைகள். இருநூற்று ஒன்பது பெண் குழந்தைகள். மீதிப் பெண் குழந்தைகள் எங்கே?"

கேட்டது நிறுவி, நீதிமன்றத்தின் கணக்கு இயந்திரம். அதற்குப் பெண் குரல் வைத்திருந்தார்கள். ரயில் தாமதமாக வருகிறது என்று அறிவிக்கிற குரல் எப்படி இருக்குமோ, அப்படி. கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை.

"எந்த மீதி?" என்றாள் கூண்டில் நின்ற இளவேனி.

"குற்றம் சாட்டப்பட்டவர் பேசக் கூடாது" என்றார் நடுவர் உமாபதி, மேசையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"என்னைத்தானேங்க கேட்டுச்சு?"

"உங்களைக் கேட்கலைம்மா. உங்க எண்ணைக் கேட்டுது. எண்ணுக்கு எண்ணுதான் பதில் சொல்லணும். சட்டம் தெரியும் இல்ல?"

தெரியும். எண்சாட்சிச் சட்டம் வந்த அன்று வெள்ளாரப்பட்டியில் பட்டாசு வெடித்தவர்களுக்கு இளவேனிதான் கையில் தண்ணீர் வாளியோடு காவல் நின்றாள். சாட்சிகள் விலை போகிறார்கள், போலீஸ் விலை போகிறது, எண் மட்டும்தான் விலை போகாது என்று பேசினார்கள். அவளும் கை தட்டினாள். இனிமேல் நீதிமன்றத்தில் மனிதர் யாரும் சாட்சி சொல்ல வாய் திறக்க வேண்டாம், நிறுவி எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடும் என்றால், அப்போது அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது.

நிறுவி தொடர்ந்தது. "யாரும் எதுவும் செய்யவில்லை என்று முதலில் வைத்துக்கொண்டேன். அப்படியானால், இவ்வளவு ஆண் குழந்தைகள் தற்செயலாகப் பிறக்கும் வாய்ப்பு கோடி கோடியில் ஒன்றுக்கும் கீழே. சட்டத்தின் வரம்பு பதினாயிரத்தில் ஒன்று. தற்செயல் மறுக்கப்படுகிறது. ஏறத்தாழ இருநூறு பெண் குழந்தைகள் கருவில் அகற்றப்பட்டுள்ளனர். கையில் ஸ்கேன் கருவி வைத்திருந்தவரும் கோப்புகளில் கையெழுத்திட்டவரும் ஒருவரே. செவிலியர் ம. இளவேனி."

உமாபதி தேதி போட்டார். பதினைந்து நாளில் எண்ணுக்கு எண் பதில் வராவிட்டால் தீர்ப்பு உறுதி. ஏழு ஆண்டு சிறை. அதன் பிறகு ஆயுள் முழுக்க எந்தப் பிரசவத்திலும் கை வைக்கக் கூடாது.

ஏழு வருஷத்தைக் கேட்டு இளவேனி அசையவில்லை. இரண்டாவதைக் கேட்டதும் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

*

அரசு அவளுக்கு ஓர் எண்வாதியை, எண்ணைக் கொண்டு வாதாடும் வழக்கறிஞரை, நியமித்திருந்தது. சிறையின் சந்திப்பு அறைக்குள் வந்த அந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஒரு கையில் தட்டைக்கணினி, மறு கையில் டிபன் பாக்ஸ். உட்கார்ந்ததும் டிபன் பாக்ஸைத்தான் முதலில் திறந்தார்.

"எலுமிச்சை சோறு. சாப்பிடறீங்களா?"

"வேண்டாங்க மேடம்."

"என் பேர் போதும்பொண்ணு."

இளவேனி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். அந்தப் பெயரை அவள் எத்தனையோ பிறப்புப் படிவங்களில் எழுதியிருக்கிறாள்.

"எத்தனாவதுங்க மேடம்?"

"மூணாவது. எனக்கு அப்புறம் தம்பி. பேர் வேலை செஞ்சிடுச்சு" என்றார் போதும்பொண்ணு, ஒரு வாய் சோற்றை விழுங்கியபடி. "காலேஜ்ல பேரை மாத்திக்கச் சொன்னாங்க. எதுக்கு மாத்தணும்? வெச்சவங்களுக்கு வெக்கமா இருக்கட்டும். சரி, விஷயத்துக்கு வருவோம். ஒண்ணு நேரா கேக்கறேன். செஞ்சீங்களா?"

"என்னங்க மேடம், நீங்களே இப்படிக் கேக்கறீங்க?"

"கோவப்படாதீங்க. காரணம் இருக்கு. இந்த மாநிலத்தில எட்டாயிரம் சுகாதார நிலையம். வருஷா வருஷம் எல்லாத்தையும் நிறுவி எண்ணுது. வரம்பு பதினாயிரத்தில ஒண்ணு. அப்படின்னா எவளும் ஒண்ணும் செய்யாமலேயே, வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒருத்தி மாட்டியே ஆகணும். சீட்டுக் குலுக்கற மாதிரி. பத்து வருஷத்தில எட்டுப் பேரை உள்ளே அனுப்பியிருக்காங்க. அதில ஆறு பேருக்கு நான்தான் வாதாடினேன். அதிர்ஷ்டக் கேடு, அவ்வளவுதான்னு தொண்டை கிழியச் சொன்னேன். ஒருத்தி உள்ளேயே செத்துட்டா."

"அப்ப நானும் அந்த மாதிரிதானே?"

"இல்லைம்மா. அங்கதான் இடிக்குது. அவங்க எண்ணெல்லாம் வரம்புக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். பன்னிரண்டாயிரத்தில ஒண்ணு, பதினஞ்சாயிரத்தில ஒண்ணு. உன்னோடது கோடி கோடியில ஒண்ணு. இது அதிர்ஷ்டக் கேடு இல்லை. என்னவோ நடந்திருக்கு. அதனாலதான் கேக்கறேன்."

இளவேனி கையை மேசைமேல் வைத்தாள். சோப்பும் டெட்டாலும் போட்டுப் போட்டு வெளுத்துப்போன கை.

"மேடம், இருபத்திரண்டு வருஷமா இந்தக் கையில புள்ளை வாங்கறேன். ஸ்கேன்ல என்ன புள்ளைன்னு கேட்டு என் வீட்டு வாசல்ல ஆட்டைக் கட்டிட்டுப் போனவன் உண்டு. ஆட்டை அவன் வீட்டுக்கே ஓட்டிட்டுப் போய், அவன் பொண்டாட்டி முன்னாடி அவனைக் கேட்ட கேள்வியில அவன் ரெண்டு வருஷம் என்னைப் பார்த்தா தெரு மாறிப் போவான். நீங்க செஞ்சியான்னு கேக்கறீங்க. அந்த மெஷின் அறுநூத்தி நாப்பதுங்குது. அந்தக் கணக்கே தப்பு. அதைக் கேக்க ஆள் இல்லை."

போதும்பொண்ணு ஸ்பூனைக் கீழே வைத்தார். "என்ன தப்பு?"

"ஆறு வருஷத்தில நான் பார்த்த பிரசவம் ஆயிரத்து நானூத்தி இருபது. அறுநூத்தி நாப்பதுன்னா பாதிகூட இல்லையே."

"ஆயிரத்து நானூத்தி இருபதா? மனசுக் கணக்கா?"

"நோட்டுக் கணக்கு. புள்ளை பொறந்த உடனே பாதத்தில மை தடவி நோட்டுல ஒரு பதிவு எடுப்பேன். புள்ளை மாறிப்போச்சுன்னு நாளைக்கு யாரும் சண்டைக்கு வரக் கூடாது பாருங்க. ஆறு நோட்டு. பீரோவுல இருக்கு. போலீஸ்காரங்க எடுத்துட்டுப் போகலை. காகிதம் சாட்சி இல்லைன்னுட்டாங்க."

"அப்ப மீதி எழுநூத்தி எண்பது பிரசவம் ஏன் நிறுவிக்குப் போகலை?"

"கோப்பு மூடலை, அதனால."

"கோப்பு மூடறதுன்னா?"

இளவேனிக்கு அது விளக்க வேண்டிய விஷயமாகவே தோன்றியதில்லை. கல்யாணமாகி வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் நிலையத்தில் ஒரு குடும்பக் கோப்பு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனதும் கோப்பை மூட வேண்டும். மூடும்போது ஒரே ஒரு வரி, கடைசிப் பிரசவம் மட்டும், மேலே நிறுவிக்குப் போகும். 'நிறைவுப் பிரசவம்: ஆண் அல்லது பெண்.' மூடாத கோப்பு மேலே போகாது. திரையில் அதன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் 'முழுமையற்ற தரவு' என்று நிற்கும்.

"மத்த ஊர்லயும் இதே முறைதானே? அங்கெல்லாம் ஏன் யாரும் மாட்டலை?"

"மத்த ஊர்ல பிரசவம் ஒரு இடம், ஆபரேஷன் டவுன்ல. ரெண்டு கையெழுத்து, அதனால பழி ஒருத்தர் தலையில விழாது. எங்க ஊர்லதான் ரெண்டும் ஒரே இடத்தில. பச்சை உடம்புக்காரி பஸ்ஸுல ரெண்டு மணி நேரம் குலுங்கிப் போகக் கூடாதுன்னு ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் அலைஞ்சு திரிஞ்சு டாக்டரை இங்கயே வர வெச்சேன். புள்ளை பொறந்த மறுநாள் அதே படுக்கையில முடிச்சுக்கலாம்."

"யார் முடிச்சுக்குவாங்க?"

"அது தெரிஞ்ச கதைதானே மேடம். ஆம்பளப் புள்ளை பொறந்தா மாமியார்காரி சக்கரை குடுத்துட்டு, 'போதும், ஆபரேஷன் பண்ணிடு'ம்பா. பொட்டப் புள்ளை பொறந்தா, 'கோப்பு கெடக்கட்டும், அடுத்ததைப் பாத்துட்டு…'"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். எதிரில் போதும்பொண்ணு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"மேடம்? என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லை" என்று அவர் கையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது. துக்கத்தில் சிவக்கவில்லை. "பொண்ணு பொறந்தா குடும்பம் இன்னும் முழுமை ஆகலை. அதை மெஷினுக்கும் சொல்லிக் குடுத்துட்டானுங்க. அதுவும் மூடின கோப்பை மட்டும் எண்ணிட்டு, பொண்ணுங்க எங்கேன்னு கேக்குது. உன்கிட்ட. பொண்ணுங்கெல்லாம் உன் பீரோவுல இருக்காங்க இளவேனி. அந்த நோட்டுல."

*

பதினான்காம் நாள் காலை பத்து மணிக்கு விசாரணை. பார்வையாளர் வரிசையில் வெள்ளாரப்பட்டி ஆண்கள் பாதி இடத்தை நிரப்பியிருந்தார்கள். இரண்டு மாதமாக ஊரில் இளவேனியை அவர்கள் சொல்லாத சொல் இல்லை. பெண் சிசுவைக் கொன்றவள் என்று நிலையத்தின் சுவரில் எழுதியவர்கள் அவர்கள்தான். ஆட்டைக் கட்டிவிட்டுப் போன ஆளும் வந்திருந்தான். முன் வரிசையில்.

போதும்பொண்ணு தன் பர்ஸிலிருந்து ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து நடுவரின் மேசையில் வைத்தார். நாணயம் புழக்கத்திலிருந்து போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதால் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இது என்ன?"

"என் ஆதாரம்ங்க ஐயா. சுண்டிப் பாக்கணும். நான் சுண்டினா சந்தேகப்படுவீங்க. நீங்களே சுண்டுங்க."

"நேரத்தை வீணடிக்காதீங்க."

"ஏழு வருஷ ஜெயிலுக்கு எதிரே ஏழு நிமிஷம் ஒண்ணும் வீண் இல்லைங்க. தலை விழற வரைக்கும் சுண்டுங்க. விழுந்ததும் நிறுத்திடுங்க. நிறுத்தின சுண்டலை மட்டும் இந்தத் தாள்ல எழுதுங்க. முன்னாடி விழுந்த பூவை எழுத வேண்டாம்."

உமாபதி சலிப்போடு சுண்டினார். பூ. மறுபடி பூ. அப்புறம் தலை. தாளில் 'தலை' என்று எழுதினார்.

"இன்னொரு வாட்டி ஆரம்பிங்க."

முதலிலேயே தலை. எழுதினார். அடுத்தது பூ, பிறகு தலை. எழுதினார். ஐந்தாறு முறை ஆனதும் தாளைத் தூக்கிக் காட்டினார் போதும்பொண்ணு.

"தலை, தலை, தலை, தலை, தலை. பூவே இல்லை. இது கள்ளக் காசுதானேங்க ஐயா?"

"அதெப்படி? பூவும்தான் விழுந்தது. நீங்க எழுத வேண்டாம்னு சொன்னீங்க."

"பூ எங்கே போச்சுன்னு காசைப் பிடிச்சு ஜெயில்ல போடலாமா?"

உமாபதி கையிலிருந்த நாணயத்தைப் பார்த்தார். புத்திசாலி மனிதர். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது நாணயத்தை அவர் மெதுவாகக் கீழே வைத்த விதத்திலேயே தெரிந்தது.

"ஐயாவுக்கு எத்தனை அக்காங்க?" என்றார் போதும்பொண்ணு.

"அது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது."

"மூணா, நாலா?"

"நாலு" என்றார் உமாபதி.

"தம்பி தங்கச்சி?"

"இல்லை."

"உங்க கோப்பை உங்க அப்பா நல்ல நேரத்திலதான் மூடியிருக்கார். உங்களை மட்டும் எண்ணினா, உங்க வீட்டில பொண்ணே பொறக்கலை." பிறகு நிறுவியின் பக்கம் திரும்பினார். "விதி பதினொன்று. எண்ணக்கூடிய எந்தப் பொருளையும் எண்ணாகக் கொடுக்கலாம். ஆறு நோட்டுப் புத்தகம் குடுக்கறேன். எண்ணு."

கேமராவுக்குக் கீழே நோட்டுகளை வைத்து, காவலர் ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்துக்கு நான்கு பாதங்கள். கட்டைவிரல் அளவு குதிகால், கடுகு மாதிரி ஐந்து விரல்கள். பக்கத்தில் தேதி, தாயின் பெயர், ஆணா பெண்ணா, எடை. மை சில இடங்களில் கலங்கியிருந்தது, உதைத்த பிள்ளைகள் போலிருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஆனது. முன் வரிசையில் இருந்த சிலருடைய பெண் குழந்தைகளின் பாதங்களும் அந்தப் பக்கங்களில் புரண்டு போயிருக்கும். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

"ஆயிரத்து நானூற்று இருபது பாதங்கள்" என்றது நிறுவி. "எழுநூற்று இருபத்தேழு ஆண். அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று பெண். இயல்பான பிறப்பு விகிதத்துக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. முந்தைய எண்ணிக்கையில் நானூற்று எண்பத்து நான்கு பெண் குழந்தைகள் முழுமையற்ற தரவு எனத் தள்ளப்பட்டிருந்தனர். தற்செயலை மறுக்கப் போதிய காரணம் இல்லை. செவிலியர் விடுவிக்கப்படுகிறார்."

"நான் செய்யலைன்னு சொல்லலையே?" என்று இளவேனி கிசுகிசுத்தாள்.

"சொல்லாது" என்றார் போதும்பொண்ணு.

"ஏன்?"

"அதுக்கு அந்த வார்த்தையே கிடையாது. பிடிச்சிட்டேன்னு சொல்லும், பிடிக்க முடியலைன்னு சொல்லும். நீ நல்லவன்னு சொல்ற சோதனை எதுவும் இல்லைம்மா. வா, போகலாம்."

"மேலும் ஒன்று" என்றது நிறுவி.

இருவரும் நின்றார்கள்.

"கோப்பு மூடப்பட்ட முறை தற்செயல் அல்ல. ஆண் பிறந்த எழுநூற்று இருபத்தேழு பிரசவங்களில் நானூற்று முப்பத்தொன்று மூடப்பட்டன. பெண் பிறந்த அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்றில் இருநூற்று ஒன்பது மட்டுமே மூடப்பட்டன. யாரும் ஆண், பெண் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டால், இப்படி நடக்கும் வாய்ப்பு கோடி கோடி கோடியில் ஒன்றுக்கும் கீழே. சட்டப்படி, தற்செயல் மறுக்கப்பட்டால் கையெழுத்திட்டவர் பெயரை நான் அறிவிக்க வேண்டும். ஒப்புதல் படிவங்களில் கணவர்களின் கையெழுத்து உள்ளது. பெயர்களை வாசிக்கவா?"

அறையில் நாற்காலிகள் நகரும் சத்தம். ஆட்டுக்காரன் எழுந்துவிட்டான். பின்னால் யாரோ, "இது என்னய்யா கூத்து, வீட்டு விஷயத்துல மெஷின் வந்து…" என்றார்.

"வாசி" என்றார் போதும்பொண்ணு.

"வேண்டாம்" என்றார் உமாபதி.

"ஐயா, சட்டத்தில விலக்கு எதுவும் இல்லை. ஒரு பொம்பளையை இதே எண்ணை வெச்சுத்தானே கூண்டில ஏத்தினீங்க?"

"அது குற்றம். இது வழக்கம்."

"இருநூறு பொண்ணுங்களை யார் வேண்டாம்னதுன்னு கேட்டுத்தானே வழக்குப் போட்டீங்க? அது இப்பத்தான் பதில் சொல்லுது. பதில் சொல்றப்ப வாயை மூடறீங்களே?"

"யாரும் யாரையும் கொல்லலைம்மா. ஒரு குடும்பம் எத்தனை பிள்ளை பெத்துக்கணும்னு முடிவு பண்றது அவங்க உரிமை."

"முடிவு பண்றவங்க உரிமை. சரி. பெத்துக்கிறவளை எந்தப் படிவத்தில கேட்டீங்க? நாலு பிரசவம், அஞ்சு பிரசவம்னு உடம்பு தேஞ்சவளுக்குக் கையெழுத்துப் போட ஒரு கோடாவது இருக்கா அந்தப் படிவத்தில?"

உமாபதி நாணயத்தை எடுத்து, திருப்பிப் பார்த்து, அவர் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு தட்டச்சருக்குச் சொல்லத் தொடங்கினார். இந்தத் தடவையும் தலையைத் தூக்கவில்லை.

"நிறுவியின் கூடுதல் கேள்வி, மூடப்படாத கோப்புகளை அடிப்படையாகக் கொண்டது. மூடப்படாத கோப்புகள் முழுமையற்ற தரவு. எனவே தள்ளுபடி."

*

விடுதலையாகிப் பதினேழாம் நாள் இளவேனி வேலைக்குத் திரும்பினாள். சுவரில் எழுதியிருந்ததை யாரோ சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "என்ன சிஸ்டர், நல்லா இருக்கீங்களா?" என்றார்கள், ஊருக்குப் போய்விட்டு வந்தவளைக் கேட்பது மாதிரி.

அன்று முற்பகலில் யாழ்மொழி என்ற பெண்ணுக்குப் பிரசவம். இரண்டாவது பிள்ளை, இரண்டாவது பெண். இரண்டு கிலோ எண்ணூறு. பிறந்த வேகத்தில் கத்திய கத்தலில் வெளியே நின்றவர்கள் ஆண் என்றே நினைத்துவிட்டார்கள்.

மாமியார் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். சர்க்கரைப் பொட்டலம் மடியிலேயே இருந்தது.

"சரி, என்ன பண்றது. கோப்பு திறந்தே கெடக்கட்டும் சிஸ்டர். ஒண்ணு பாத்துட்டு முடிச்சுக்கலாம்."

"யாரு பாக்கறது?"

"என்ன சிஸ்டர்?"

"ஒண்ணு பாத்துட்டுன்னீங்களே. பெறப் போறது யாருன்னு கேட்டேன்."

"அவதான். வேற யாரு, நானா?" என்று சிரித்துவிட்டு மாமியார் வெளியே போனார்.

யாழ்மொழி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இளவேனி குழந்தையின் பாதத்தில் மை தடவி நோட்டில் ஒற்றினாள். குழந்தை உதைத்ததில் மை கலங்கியது.

"ஏன் கண்ணு, உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டாள்.

யாழ்மொழி திரும்பினாள். அப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இதுவே நல்லாத்தான் இருக்குங்க அக்கா" என்றாள், மெல்ல. "மூக்கைப் பாருங்க. எங்க அம்மா மூக்கு."

இளவேனி கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். யாழ்மொழியின் கோப்பு. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் 'முழுமையற்ற தரவு'. அந்தச் சொல்லை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்து வருகிறாள், படித்ததில்லை. இன்றுதான் படித்தாள்.

கோப்பை மூடு என்பதை அழுத்தினாள். காரணம் கேட்டது. ஆபரேஷன், இடமாற்றம், மரணம், பிற. அவள் 'பிற' என்பதைத் தொட்டு, கீழே இருந்த கட்டத்தில் எழுதினாள். 'பிள்ளை பிறந்தது.'

நிறைவுப் பிரசவம்: பெண். சாம்பல் நிறம் போய்ப் பச்சை வந்தது. நாளைக்கு யாழ்மொழிக்கு இன்னொரு பிள்ளை பிறந்தால் புதுக் கோப்பு திறந்துகொள்ளலாம். அதனால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. இந்தப் பிள்ளை மட்டும் எண்ணிக்கைக்குள் வந்துவிட்டது.

பிறகு பீரோவைத் திறந்து முதல் நோட்டை எடுத்தாள்.

நான்கு நாள் ஆனது. பகலில் ஊசி போடுவதற்கும் எடை பார்ப்பதற்கும் நடுவே, நோட்டில் பெண் என்று போட்டிருந்தும் எண்ணிக்கைக்கு வராத ஒவ்வொரு பாதத்துக்கும் கோப்பைத் தேடி, இல்லாவிட்டால் புதிதாகத் திறந்து, மூடினாள். காரணம் ஒரே காரணம்தான். நான்காம் நாள் மதியம், யாழ்மொழியுடையது போக, நானூற்று எண்பத்து நான்காவது கோப்பை மூடியதும் திரை ஒரு கணம் இருண்டு, தெரிந்த குரல் பேசியது.

"வெள்ளாரப்பட்டி நிலையம். நான்கு நாளில் நானூற்று எண்பத்தைந்து கோப்புகள் மூடப்பட்டுள்ளன. எல்லாம் பெண். காரணம் எல்லாவற்றிலும் ஒன்றே. இது தற்செயலாக நடக்கும் வாய்ப்பைக் கணக்கிட என்னிடம் போதிய இலக்கங்கள் இல்லை. தற்செயல் மறுக்கப்படுகிறது. செய்தவர் பெயரை உறுதி செய்யவும்."

கீழே ஒரு கட்டம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, 'அறியேன்.'

இளவேனி செல்போனை எடுத்தாள்.

"மேடம், சாப்பிட்டுட்டு இருக்கீங்களா?"

"புளிச்சோறு. என்ன விஷயம்?"

சொன்னாள். மறுமுனையில் டிபன் பாக்ஸை மூடும் சத்தம் கேட்டது.

"நீ வெளியே வந்து முழுசா ஒரு மாசம் ஆகலை. அரசுத் தரவைத் திருத்தினதா சொல்லுவாங்க. அதே ஏழு வருஷம். அதே தடை. பிரசவத்தில கை வைக்க விடமாட்டாங்க. தெரியும் இல்ல?"

"தெரியும்ங்க."

"அறியேன்னு ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்து. சிஸ்டம் கோளாறுன்னு நான் பாத்துக்கறேன். கையெழுத்து இல்லாம நிறுவியால ஒண்ணும் பண்ண முடியாது."

இளவேனி பிரசவ அறைப் பக்கம் பார்த்தாள். யாழ்மொழி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அதன் மூக்கை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"போன தடவை அது தப்பாச் சொல்லுச்சு மேடம். நான் கூண்டில நின்னு எதிர்த்துக் கேட்டேன். இந்தத் தடவை சரியாத்தானே சொல்லுது? தற்செயல் இல்லைன்னு?"

போதும்பொண்ணு நாற்காலியை நகர்த்தி எழும் சத்தம் கேட்டது.

"காரணம்னு என்ன எழுதினே?"

"பிள்ளை பிறந்ததுன்னு."

"எல்லாத்திலயுமா?"

"எல்லாத்திலயும்தான். வேற என்னங்க நடந்துச்சு?"

"நோட்டையெல்லாம் பத்திரமா எடுத்து வை" என்றார் போதும்பொண்ணு. அவர் குரல் மாறியிருந்தது. "இத்தனை வருஷத்தில குற்றத்தை ஒத்துக்கிட்டு ஒரு வழக்கு நான் வாதாடினதில்லை. இதை வாதாடறேன். அந்த ஆள் மறுபடி காசு சுண்டட்டும்."

இளவேனி செல்போனை மேசையில் வைத்தாள். 'அறியேன்' என்ற கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்தில் தன் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தாள். அடித்துவிட்டு, நிறுவி கேட்காமலேயே, அப்பாவின் பெயரோடு அம்மாவின் பெயரையும் முன்னால் சேர்த்தாள்.